ஐடி சேல்ஸ் வேலை: ரெஸ்யூமேயில் எந்த வார்த்தையைப் போடுவது, எதை எடுப்பது?

மலைக்கோட்டை எழுதியது:

வணக்கம். திருச்சியில் ஒரு இன்டர்நெட் நிறுவனத்தின் ஃப்ரான்சைஸியில் விற்பனை வேலை பார்க்கிறேன். இரண்டரை வருடம் ஆகிறது. படிப்பு பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். கடை, கிளினிக், ஆடிட்டர் ஆபீஸ், கோச்சிங் சென்டர் என்று ஏறி இறங்கி இணைப்பு விற்க வேண்டும். பதவிப் பெயர் 'ரிலேஷன்ஷிப் எக்ஸிக்யூட்டிவ்'.

சென்னையில் சாஃப்ட்வேர் கம்பெனி ஒன்றில் இன்சைடு சேல்ஸ் அல்லது எஸ்டிஆர் வேலைக்குப் போக ஆசை, அதாவது போன், மெயில் வழியாகவே வாடிக்கையாளரைத் தேடிப் பிடிக்கும் வேலை. நௌக்ரியிலும் லிங்க்ட்இன்னிலும் விடாமல் விண்ணப்பித்து வருகிறேன். கால் வராமல் இல்லை. ஆனால் வருவதெல்லாம் இன்ஷூரன்ஸும் பர்சனல் லோனும்தான்.

நண்பன் ஒருவன், "ஜாப் டிஸ்கிரிப்ஷனை அப்படியே காப்பி பண்ணி ரெஸ்யூமே அடியில் வெள்ளை எழுத்தில் ஒட்டிவிடு, கண்ணுக்குத் தெரியாது, சிஸ்டத்துக்குத் தெரியும்" என்கிறான். இன்னொருவன் ஏடிஎஸ் (கம்பெனிகள் விண்ணப்பங்களைச் சேர்த்துத் தேடும் மென்பொருள்) ஸ்கோர் சொல்லும் ஒரு வெப்சைட்டுக்குப் பணம் கட்டச் சொல்கிறான். 80 மார்க் தாண்டினால்தான் மனிதர் கண்ணுக்கே ரெஸ்யூமே போகுமாம். எதையும் செய்வதற்கு முன் விவரம் தெரிந்தவர்களைக் கேட்கலாம் என்று வந்தேன்.

ரெஸ்யூமே ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. மேல் பகுதியைத் தமிழில் தருகிறேன்:

"துடிப்பும் இலக்கு நோக்கிய உழைப்பும் கொண்ட விற்பனை நிபுணர். சிறந்த பேச்சுத்திறன், குழுவாகச் செயல்படும் திறன். திறன்கள்: சேல்ஸ், மார்க்கெட்டிங், லீட் ஜெனரேஷன், டெலிகாலிங், கஸ்டமர் சர்வீஸ், எம்எஸ் ஆபீஸ்."

—

ஆள்தேடி எழுதியது:

சென்னையில் சாஃப்ட்வேர் கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் கொடுப்பதுதான் என் தொழில். அதில் சேல்ஸ் ஆட்களே அதிகம். உங்களுக்கு ஏன் இன்ஷூரன்ஸ் கால் மட்டும் வருகிறது என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். உங்கள் ரெஸ்யூமே யார் கண்ணிலும் படாமல் கிடக்கவில்லை. உங்களுக்கு வேண்டாதவர்கள் கண்ணில் பிரமாதமாகப் படுகிறது.

நௌக்ரியில் ஹெச்.ஆர். பக்கம் 'ரெஸ்டெக்ஸ்' என்று ஒரு தேடல் வசதி உண்டு. விண்ணப்பித்தவர்களைப் பார்ப்பது ஒரு வழி. விண்ணப்பிக்காதவர்களையும் சேர்த்து மொத்தக் கிடங்கையும் துழாவுவது இன்னொரு வழி. அவசரமாக ஆள் வேண்டும் என்றால் நாங்கள் இரண்டாவதற்குத்தான் போவோம். அங்கே வார்த்தைகளை ஆண்ட், ஆர், நாட் போட்டுக் கோத்து அடிப்போம். எஸ்டிஆர் வேலைக்கு நான் அடிப்பது ஏறக்குறைய இப்படி இருக்கும் (சாஸ் என்பது மென்பொருளை ஆன்லைனில் சந்தாவுக்கு விற்பது, பி2பி என்பது நிறுவனங்களுக்கு விற்பது):

("இன்சைடு சேல்ஸ்" ஆர் "எஸ்டிஆர்" ஆர் "பிசினஸ் டெவலப்மென்ட்") ஆண்ட் ("சாஸ்" ஆர் "பி2பி") நாட் "இன்ஷூரன்ஸ்" நாட் "டெலிகாலிங்"

அதன் மேல் அனுபவம், ஊர், சம்பளம், நோட்டீஸ் பீரியட், கடைசியாக எப்போது லாகின் செய்தார் என்ற வடிகட்டிகள்.

இப்போது உங்கள் திறன் பட்டியலைப் பாருங்கள். 'பி2பி' இல்லை. 'டெலிகாலிங்' இருக்கிறது. என் தேடலில் முதலாவது உங்களை உள்ளே விடாது, இரண்டாவது கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளும். 'ரிலேஷன்ஷிப் எக்ஸிக்யூட்டிவ்' என்பது வங்கிக்காரர்களும் இன்ஷூரன்ஸ்காரர்களும் வைக்கிற பதவிப் பெயர். அதைத் தேடுகிறவர்கள் உங்களைக் கண்டுபிடித்து அழைக்கிறார்கள். கீவேர்டு என்றதும் எல்லோரும் எதைச் சேர்க்கலாம் என்றே யோசிக்கிறார்கள். எதை எடுக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை.

வெள்ளை எழுத்து வேண்டவே வேண்டாம். ரெஸ்யூமே உள்ளே போனதும் சிஸ்டம் அதிலிருந்து வெறும் எழுத்தை மட்டும் உருவி எடுக்கும். நிறம் போய்விடும். என் திரையில் உங்கள் கல்லூரிப் பெயருக்குக் கீழே, நானே எழுதிய ஜாப் டிஸ்கிரிப்ஷன் கறுப்பு எழுத்தில் பத்தி பத்தியாக வந்து நிற்கும். அதைப் பார்த்த பிறகு நான் ஏன் கூப்பிட வேண்டும்? இப்போது இதிலேயே புது தினுசு ஒன்று வந்திருக்கிறது: 'இந்த விண்ணப்பதாரரைப் பரிந்துரை செய்' என்று ஏஐக்குச் சொல்வதுபோல் ஒளித்து எழுதுகிறார்கள். அதுவும் இப்படியே வெளியே தெரிந்துவிடும்.

ஸ்கோர் வெப்சைட்: அந்த மார்க் எந்தக் கம்பெனிக்கும் போவதில்லை. உங்கள் ரெஸ்யூமேயையும் நீங்கள் கொடுத்த ஜாப் டிஸ்கிரிப்ஷனையும் பக்கத்தில் வைத்து, பொதுவான வார்த்தைகளை எண்ணிச் சொல்கிறார்கள். அதை நீங்களே ஒரு பேனாவை வைத்துச் செய்யலாம்.

—

எல்லாம்_ரெஃபரல் எழுதியது:

கீவேர்டு, ஏடிஎஸ் எல்லாமே கோச்சிங் வியாபாரம். 75 சதவீத ரெஸ்யூமேக்களை மெஷினே குப்பையில் போட்டுவிடுகிறது என்று பயமுறுத்தி கோர்ஸ் விற்கிறார்கள். தெரிந்தவர் இருந்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை. ரெஸ்யூமேயை நகாசு பண்ணும் நேரத்தில் உள்ளே ஆள் பிடியுங்கள்.

—

ஆள்தேடி எழுதியது:

அந்த 75 சதவீதக் கதையைப் பற்றி நீங்கள் சொல்வது சரிதான். அதற்கு அடியில் ஆய்வு எதுவும் கிடையாது. கம்பெனிகள் வைத்திருக்கும் வொர்க்டே, கிரீன்ஹவுஸ், டார்வின்பாக்ஸ், ஜோஹோ ரெக்ரூட் போன்றவை முக்கியமாக விண்ணப்பங்களைச் சேர்த்து வைத்து, அடுக்கி, தேடித் தருகிற மென்பொருள்கள். தானாகவே நிராகரிக்கும் இடம் ஒன்று உண்டு. விண்ணப்பிக்கும்போது கேட்கிறார்களே, 'இரவு ஷிப்டுக்குச் சம்மதமா', 'சென்னையில் வேலை செய்ய முடியுமா' என்று, அந்தக் கேள்விகள்தான். அவசரத்தில் அங்கே தப்பாக டிக் அடித்துவிட்டு, மெஷின் சதி செய்துவிட்டது என்று சொல்கிறவர்கள் நிறைய.

ஆனால் மீதியை ஒப்புக்கொள்ள மாட்டேன். ரெஃபரலில் வந்த ரெஸ்யூமேயும் அதே சிஸ்டத்துக்குள்தான் போகிறது. ரெஃபர் செய்தவர் உங்களுக்காக அந்த வேலையை எழுதித் தர மாட்டார். மேனேஜர் அதைத் திறக்கும்போது 'துடிப்பு மிக்க விற்பனை நிபுணர்' என்று இருந்தால் ரெஃபர் செய்தவருக்கும் சேர்த்துத்தான் மரியாதை போகும்.

—

ரிச்சி_தெரு எழுதியது:

தம்பி, நான் ஹார்டுவேர் பக்கம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் கடையில் ஆரம்பித்து இப்போது ஒரு சிஸ்டம் இன்டக்ரேட்டரில் அக்கவுண்ட் மேனேஜராக இருக்கிறேன். இங்கே யாரும் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். 'ஐடி சேல்ஸ்' என்று சொல்கிறீர்களே, எந்த ஐடி சேல்ஸ்?

சாஸ் கம்பெனிகள் ஒரு தனி ஜாதி. ஜோஹோ, ஃப்ரெஷ்வொர்க்ஸ், சார்ஜ்பீ, கிஸ்ஃப்ளோ என்று சென்னையில் பிறந்தவையே கைநிறைய இருக்கின்றன. அங்கே எஸ்டிஆர், பிடிஆர், அக்கவுண்ட் எக்ஸிக்யூட்டிவ், அவுட்பவுண்ட், டெமோ, ஏஆர்ஆர், சேர்ன் என்று பேசுவார்கள். சர்வீஸ் கம்பெனிகள் வேறு. அங்கே ஆர்எஃப்பி, ப்ரபோசல், எஸ்ஓடபிள்யூ, ஆஃப்ஷோர், பில்லிங் ரேட். எங்கள் பக்கம் சேனல், அதாவது இடையில் இருக்கும் வியாபாரிகள் வழியாக விற்பது. ஓஇஎம், டிஸ்ட்ரிபியூட்டர், பார்ட்னர், பிஓக்யூ, ரின்யூவல், ஏஎம்சி. அரசாங்க வியாபாரம் என்றால் 2016-இல் வந்த ஜெம் போர்ட்டல், எல்காட் டெண்டர், இஎம்டி, எல்1, ஓஇஎம் ஆதரைசேஷன் லெட்டர். ஒரு பக்கத்து ஆளுக்கு இன்னொரு பக்கத்து வார்த்தை பாதி புரியாது. மூன்றையும் கலந்து ஒரே ரெஸ்யூமேயில் கொட்டினால் மூன்று பேரும் 'இவர் நம்ம ஆள் இல்லை' என்று ஒதுக்கிவிடுவார்கள்.

அதைவிட முக்கியமான விஷயம். நீங்கள் விற்பது இன்டர்நெட் இணைப்பு. அதில் லீஸ்டு லைன் (ஒரு நிறுவனத்துக்கென்றே தரும் தனி இணைப்பு) விற்றிருக்கிறீர்களா? ஸ்டேடிக் ஐபி? ஃபீசிபிலிட்டி சர்வே எடுத்து, லாஸ்ட் மைல் ஃபைபரா ரேடியோவா என்று டெக்னிக்கல் டீமோடு பேசி, எஸ்எல்ஏ (சேவைத் தர உத்தரவாதம்) சொல்லி, பிறகு பிஓ (பர்ச்சேஸ் ஆர்டர்) வாங்கினீர்களா? செய்திருந்தால் அதுவே ஐடி சேல்ஸ்தான். லைன் விற்ற இடத்தில் அடுத்து ஃபயர்வால் விற்கிறோம், எஸ்டி-வேன் விற்கிறோம். இந்த வார்த்தை ஒன்றுகூட உங்கள் ரெஸ்யூமேயில் இல்லை. சொந்தச் சரக்கைக் கடைக்குள் பூட்டிவிட்டு வாசலில் 'துடிப்பு, குழு உணர்வு' என்று போர்டு மாட்டியிருக்கிறீர்கள்.

—

மலைக்கோட்டை எழுதியது:

அண்ணா, நீங்கள் சொன்ன அத்தனையும் தினமும் செய்கிற வேலை. பிராட்பேண்ட் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். லீஸ்டு லைன் என்றால் சர்வே, விலை, கண்டோன்மென்ட் பகுதி என்றால் கேபிள் கொண்டுபோக அனுமதி என்று மூன்று வாரம் முதல் ஆறு வாரம்வரை இழுக்கும். அதெல்லாம் ரெஸ்யூமேயில் எழுதுகிற விஷயம் என்று தோன்றவே இல்லை. நெட்டில் பார்த்த மாதிரிகளில் எல்லாம் 'டைனமிக்', 'ரிசல்ட் ஓரியன்டட்' என்றுதான் இருந்தது.

எனக்கு சாஸ் பக்கம்தான் விருப்பம். அந்த வார்த்தைகளைக் கற்றுக்கொண்டு சேர்த்துவிடலாமா? பேன்ட், மெடிக் என்றெல்லாம் ஜாப் டிஸ்கிரிப்ஷனில் பார்க்கிறேன்.

—

இரவு_ஷிப்ட் எழுதியது:

ப்ரோ, நான் இப்போது செய்வது நீங்கள் கேட்கிற அதே வேலை. அமெரிக்க மார்க்கெட். நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் இங்கே கோடையில் மாலை 6.30, நவம்பர் தாண்டினால் 7.30. ராத்திரி முழுவதும் டயலர். பாதி பேர் எடுக்க மாட்டார்கள், எடுத்தவர்களில் பாதிப் பேர் வைத்துவிடுவார்கள். இது தெரிந்துதான் வருகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

நீங்கள் கேட்ட வார்த்தைகளுக்கு வருகிறேன். பேன்ட் என்பது ஐபிஎம்மில் தோன்றிய பழைய முறை. வாங்குகிறவரிடம் பட்ஜெட் இருக்கிறதா, முடிவெடுக்கும் அதிகாரம் அவருக்கு உண்டா, தேவை உண்மையானதா, எப்போது வாங்குவார் என்று நான்கையும் பார்ப்பது. மெடிக் 1990-களில் பிடிசி என்ற சாஃப்ட்வேர் கம்பெனியில் வளர்ந்தது. பெரிய டீல்களுக்கானது. யார் கையெழுத்துப் போடுவார், எதை வைத்துத் தேர்ந்தெடுப்பார்கள், உள்ளே நமக்காகப் பேசும் ஆள் (சாம்பியன்) யார் என்று போகும்.

இதை ரெஸ்யூமேயில் போட்டால் இன்டர்வியூவில் என்ன நடக்கும் தெரியுமா? "மெடிக் என்று போட்டிருக்கிறீர்கள். கடைசியாக முடித்த ஒரு டீலை எடுத்து அதில் சாம்பியன் யார் என்று சொல்லுங்கள்" என்பார்கள். என் கண் முன்னாலேயே, ஒரு குரூப் ரவுண்டில், ஒருவர் "சாம்பியன் என்றால் டார்கெட்டில் முதலிடம் வந்தவர்" என்றார். நல்ல பேச்சுக்காரர். அந்த ஒரு வார்த்தை அவர் ரெஸ்யூமேயில் இல்லாமல் இருந்திருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது.

பேன்ட் உங்களுக்குப் புதிதில்லை. கோச்சிங் சென்டரில் ரிசப்ஷனிஸ்ட் "எல்லாம் சரி, சார் வரட்டும்" என்று சொல்லும்போது, அந்த 'சார்' வரும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு திரும்பப் போயிருப்பீர்கள் இல்லையா? அதுதான் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று பார்ப்பது. அந்த வார்த்தையைத் தைரியமாகப் போடுங்கள், கேட்டால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். மெடிக் வேண்டாம்.

சிஆர்எம் (வாடிக்கையாளர், டீல் விவரங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள்) கட்டாயம் வேண்டும். இப்போது எதில் எழுதி வைக்கிறீர்கள்?

—

மலைக்கோட்டை எழுதியது:

எக்செல் ஷீட். கம்பெனிக்கு ஒரு ஆப் இருக்கிறது, அதில் லீட் நம்பர் மட்டும் போடுவோம்.

—

இரவு_ஷிப்ட் எழுதியது:

ஹப்ஸ்பாட் சிஆர்எம்மில் இலவசக் கணக்கு இருக்கிறது. ஜோஹோ சிஆர்எம்மும் மூன்று பேர்வரை இலவசம். திறந்து, கற்பனைக் கம்பெனிகளாக முப்பது நாற்பது பெயர் போட்டு, லீட் எப்படி டீலாக மாறுகிறது, ஒவ்வொரு ஸ்டேஜிலும் எவ்வளவு நிற்கிறது என்று விளையாடிப் பாருங்கள். இப்போதைய கம்பெனியின் கஸ்டமர் பெயர், போன் நம்பர்களை அதில் ஏற்றிவிடாதீர்கள். அது உங்கள் சொத்து இல்லை, இன்டர்வியூவில் அதைக் காட்டினால் அங்கேயே கதை முடிந்தது. ஹப்ஸ்பாட் அகாடமியில் இன்பவுண்ட் சேல்ஸ் சர்டிஃபிகேட்டும் இலவசம். அதனால் வேலை கிடைத்துவிடாது, ஆனால் பயன்படுத்திப் பார்த்தவர் என்பதற்கு ஒரு சாட்சி.

அப்படிச் செய்துவிட்டு 'ஹப்ஸ்பாட் சிஆர்எம் – சுயபயிற்சி' என்று போட்டால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். 'ஹப்ஸ்பாட்டில் இரண்டு வருட அனுபவம்' என்று போட்டால் மாட்டிக்கொள்வீர்கள்.

—

ஆள்தேடி எழுதியது:

இதோடு இன்னொன்று. 'சேல்ஸ்ஃபோர்ஸ்' (அதுவும் ஒரு சிஆர்எம்தான்) என்று தனியாக ஒற்றை வார்த்தையாகப் போடுகிறவர்களுக்கு சேல்ஸ்ஃபோர்ஸ் அட்மின், டெவலப்பர் வேலைகளுக்குக் கால் வரும். அந்தத் தேடலிலும் அதே வார்த்தைதான். "சேல்ஸ்ஃபோர்ஸில் லீட், ஆப்பர்ச்சூனிட்டி பதிவு, வாராந்தர ஃபோர்காஸ்ட்" என்று வாக்கியத்துக்குள் வைத்தால் படிக்கிறவருக்குச் சந்தேகம் வராது.

சுருக்கப் பெயரையும் விரிவையும் ஒரு முறையாவது சேர்த்து எழுதுங்கள். சிலர் 'எஸ்டிஆர்' என்று தேடுவார்கள், சிலர் 'சேல்ஸ் டெவலப்மென்ட் ரெப்ரசன்டேட்டிவ்' என்று முழுசாகத் தேடுவார்கள். புதிய சிஸ்டங்கள் இரண்டும் ஒன்றே என்று புரிந்துகொள்ளும். ஆண்ட், ஆர் போட்டுத் தேடுகிற என்னைப் போன்ற பழைய ஆட்களின் பெட்டிக்கு அது புரியாது.

—

கோட்டா எழுதியது:

சேல்ஸ் மேனேஜராக மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஆள் எடுக்கிறவன் சொல்கிறேன். ஹெச்.ஆர். வார்த்தையைப் பார்த்து அனுப்புவார்கள். நான் வார்த்தைக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணைப் பார்ப்பேன். எண் இல்லாத சேல்ஸ் ரெஸ்யூமேயை நான் சேல்ஸ் ரெஸ்யூமேயாகவே எடுத்துக்கொள்வதில்லை.

எண் என்றதும் எல்லோரும் '120 சதவீதம் இலக்கு' என்று போடுகிறார்கள். எதில் 120? மாதமா, காலாண்டா, ஒரே ஒரு நல்ல மாதமா? டார்கெட் 2 லட்சமா 2 கோடியா? அது தெரியாமல் 120-ஐ வைத்து நான் என்ன செய்வது? யாருக்கு விற்றார், ஒரு டீல் சராசரி எவ்வளவு, முடிய எத்தனை நாள், டார்கெட் என்ன, எத்தனை மாதம் தொட்டார். இவ்வளவுதான் எனக்கு வேண்டும். தொடாத மாதமும் இருக்கட்டும். பன்னிரண்டு மாதமும் டார்கெட் அடித்தேன் என்று சொல்பவரிடம்தான் நான் அதிகம் குடைவேன்.

இன்னொரு வார்த்தை ஜோடி. 'ஹன்டிங்' என்றால் புது வாடிக்கையாளரைப் பிடிப்பது, 'ஃபார்மிங்' என்றால் இருக்கிறவரிடம் மேலும் விற்பது. எங்கள் ஜாப் டிஸ்கிரிப்ஷனில் ஹன்டர் வேண்டும் என்று போட்டிருப்போம். வருகிற ரெஸ்யூமே முழுக்க 'உறவு பேணினேன், ரின்யூவல் செய்தேன்' என்று இருக்கும். அவர் ஒருவேளை நல்ல ஹன்டராகவே இருக்கலாம். எனக்கு எப்படித் தெரியும்?

—

எல்லாம்_ரெஃபரல் எழுதியது:

இவ்வளவு யோசித்து ஒவ்வொரு வேலைக்கும் ரெஸ்யூமே மாற்றிக்கொண்டிருந்தால் ஒரு நாளைக்கு இரண்டு விண்ணப்பம்தான் போகும். சாட்ஜிபிடியிடம் ஜாப் டிஸ்கிரிப்ஷனையும் ரெஸ்யூமேயையும் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் மாற்றித் தருகிறது. அதையாவது செய்யச் சொல்லுங்கள்.

—

ஆள்தேடி எழுதியது:

தாராளமாகச் செய்யலாம். ஆனால் அதுவும் ஜாப் டிஸ்கிரிப்ஷனில் இருக்கும் வாக்கியத்தையே திருப்பி எழுதி, கேட்காத எண்ணையும் சேர்த்து வைக்கும். 'வருவாயை 35 சதவீதம் உயர்த்தினேன்' என்ற வரி ஒரே நாளில் நான்கைந்து ரெஸ்யூமேக்களில் என் கண்ணில் பட்டால் நான் என்ன நினைப்பேன்? உங்கள் உண்மைக் கணக்கை முதலில் நீங்கள் எழுதுங்கள். ஆங்கிலத்தைச் சீர் செய்ய மட்டும் அதனிடம் கொடுங்கள். வந்த பிறகு ஒவ்வொரு எண்ணையும் திரும்பப் பாருங்கள்.

ஒவ்வொரு வேலைக்கும் முழுசாக மாற்ற வேண்டிய அவசியமும் இல்லை. சாஸுக்கு ஒன்று, நெட்வொர்க்கிங்–சேனலுக்கு ஒன்று என்று இரண்டு பிரதி வைத்துக்கொண்டால் போதும். விண்ணப்பிக்கும் முன் ஜாப் டிஸ்கிரிப்ஷனில் இரண்டு மூன்று தடவை திரும்பத் திரும்ப வரும் வார்த்தை எது என்று பார்த்து, அது உங்கள் வேலையில் உண்மையாகவே இருந்தால் மேல் பாதியில் ஏற்றுங்கள்.

—

மலைக்கோட்டை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சாஸ் பிரதியை இப்படி எழுதிப் பார்த்தேன். கிழித்துத் தொங்கவிடுங்கள்.

தலைப்பு: "பி2பி சேல்ஸ் | இன்டர்நெட் லீஸ்டு லைன், பிராட்பேண்ட் | அவுட்பவுண்ட், சிறு-நடுத்தர நிறுவனங்கள் | எஸ்டிஆர் / இன்சைடு சேல்ஸ் வாய்ப்பு தேடுகிறேன்"

வேலை: ரிலேஷன்ஷிப் எக்ஸிக்யூட்டிவ் (பி2பி ஃபீல்டு சேல்ஸ்), திருச்சி

"5 முதல் 50 பேர் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு (கிளினிக், ஆடிட்டர் அலுவலகம், கோச்சிங் சென்டர்) இணைப்பு விற்பனை. முழுக்க புது வாடிக்கையாளர் (ஹன்டிங்).
மாத டார்கெட் 15 புதிய இணைப்புகள். கடந்த 12 மாதங்களில் 8 மாதம் எட்டியது.
லீஸ்டு லைன் விற்பனைக் காலம் 3–6 வாரம். ஃபீசிபிலிட்டி சர்வே முதல் பிஓ வரை டெக்னிக்கல் டீமுடன் ஒருங்கிணைப்பு.
நேரில் போவதற்கு முன் போனில் முடிவெடுப்பவர் யார் என்று அறிந்து அப்பாயின்ட்மென்ட் வாங்குதல் (கோல்டு காலிங், லீட் குவாலிஃபிகேஷன் – பேன்ட்)."

டெலிகாலிங், கஸ்டமர் சர்வீஸ், மார்க்கெட்டிங், எம்எஸ் ஆபீஸ் நான்கையும் எடுத்துவிட்டேன். பக்கத்தை மேலிருந்து கீழாக இரண்டு காலமாகப் (column) பிரித்து, ஓரத்தில் திறனுக்கு ஐந்து நட்சத்திரம் போடும் கேன்வா டிசைனில்தான் ரெஸ்யூமே இருக்கிறது. அது பரவாயில்லையா?

—

ஆள்தேடி எழுதியது:

இந்த ஆளை நான் கூப்பிடுவேன்.

பதவிப் பெயரை மாற்றாமல் அடைப்புக்குறிக்குள் விளக்கியது சரி. 'சேல்ஸ் மேனேஜர்' என்று நீங்களே பதவி உயர்வு கொடுத்துக்கொண்டால், பின்னால் பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனில் ரிலீவிங் லெட்டரோடு ஒப்பிடும்போது ஆஃபரே போய்விடும்.

டிசைனை மாற்றுங்கள். இரண்டு காலம் இருந்தால் சில சிஸ்டங்கள் இடமிருந்து வலமாகப் படித்து, உங்கள் வேலை விவரத்தின் நடுவே பொழுதுபோக்கைச் செருகிவிடும். டேபிள், டெக்ஸ்ட் பாக்ஸ், ஹெடருக்குள் வைத்த போன் நம்பர், இவை காணாமல் போகும் இடங்கள். நட்சத்திரத்தால் எனக்கும் பயனில்லை: சிஆர்எம்மில் நான்கு நட்சத்திரம் என்றால் என்ன அர்த்தம்? ஒரே காலம், சாதா எழுத்து, வேர்ட் ஃபைல் அல்லது அதிலிருந்து எடுத்த பிடிஎஃப். அனுப்புவதற்கு முன் பிடிஎஃப்பைத் திறந்து, எல்லாவற்றையும் செலக்ட் செய்து, நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். அங்கே வரிசை குழம்பாமல் வந்தால் எங்கள் பக்கமும் பெரும்பாலும் குழம்பாது.

நௌக்ரியில் ரெஸ்யூமே ஃபைலை மட்டும் மாற்றிவிட்டு விட்டுவிடாதீர்கள். ரெஸ்யூமே ஹெட்லைன், கீ ஸ்கில்ஸ் என்று தனிப் பெட்டிகள் இருக்கின்றன. பழைய 'டெலிகாலிங்' அங்கேயே உட்கார்ந்திருந்தால் பழைய கால்களே வரும்.

—

கோட்டா எழுதியது:

12-இல் 8 என்று எழுதியதற்காகவே நான் பேசிப் பார்ப்பேன். மீதி நான்கு மாதம் என்ன ஆயிற்று என்று கட்டாயம் கேட்பேன், பதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் கோச்சிங் சென்டர்களில் வேகம் எப்படி இருக்கும், மார்ச்சில் ஆடிட்டர் ஆபீஸில் யாரும் தலைநிமிர மாட்டார்கள் என்பது மாதிரி விஷயங்களைச் சொன்னால், டெரிட்டரி தெரிந்த ஆள் என்று புரியும்.

சராசரி டீல் மதிப்பு விடுபட்டிருக்கிறது. பிராட்பேண்டுக்குத் தனியாக, லீஸ்டு லைனுக்குத் தனியாகப் போடுங்கள். வருடக் கணக்கில் சொன்னால் சாஸ்காரர்களுக்கு உடனே பிடிபடும். அவர்களும் வருடச் சந்தாவில்தான் யோசிக்கிறார்கள். கம்பெனி ரகசியம் என்று நினைத்தால் வரம்பாகச் சொல்லலாம்.

—

இரவு_ஷிப்ட் எழுதியது:

ரெஃபரல்காரருக்கு ஆதரவாக ஒரு வார்த்தை. எஸ்டிஆர் வேலைக்கு விண்ணப்பிப்பதே ஒரு அவுட்பவுண்ட் வேலைதான். முன்பின் தெரியாதவருக்கு எழுதிப் பதில் வாங்குவதற்குத்தான் சம்பளமே தருகிறார்கள். அதனால் விண்ணப்பித்த கையோடு, லிங்க்ட்இன்னில் அந்தக் கம்பெனியின் எஸ்டிஆர் மேனேஜரைத் தேடி நாலு வரி எழுதுங்கள். 'ரெஸ்யூமே இணைத்துள்ளேன், கனிவுடன் பரிசீலிக்கவும்' வேண்டாம். இப்படி ஏதாவது:

"உங்கள் எஸ்டிஆர் வேலைக்கு இன்று விண்ணப்பித்தேன். திருச்சியில் சிறு நிறுவனங்களுக்கு லீஸ்டு லைன் விற்கிறேன். எல்லாம் கோல்டு கால், புது வாடிக்கையாளர். உங்கள் ஹெல்ப்டெஸ்க் தயாரிப்பைக் கிளினிக்குகளுக்கு எப்படி அறிமுகம் செய்வேன் என்று ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பட்டுமா?"

அந்த ஒரு பக்கத்தை உண்மையாகவே எழுதி வைத்திருக்க வேண்டும், 'அனுப்புங்கள்' என்று சட்டென்று கேட்டுவிடுவார்கள். பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல். அதற்கு மேல் வேண்டாம்.

—

எல்லாம்_ரெஃபரல் எழுதியது:

இதைத்தான் நான் முதலிலேயே சொன்னேன். நீங்கள் நீட்டி எழுதியிருக்கிறீர்கள்.

—

மலைக்கோட்டை எழுதியது:

டீல் மதிப்பைச் சேர்த்து, ஒரே காலத்துக்கு மாற்றி, நோட்பேடில் ஒட்டிப் பார்த்தேன். ஒழுங்காக வருகிறது. நௌக்ரி பெட்டிகளையும் மாற்றிவிட்டேன்.

கடைசியாக ஒரு சந்தேகம். தற்போதைய சம்பளம் என்ற இடத்தில் இன்சென்டிவைச் சேர்த்துப் போடுவதா, விடுவதா? இன்சென்டிவ் மாதா மாதம் மாறுகிறது. ஆஃபரில் ஓடிஇ என்று வேறு போடுகிறார்கள்.

—

ரிச்சி_தெரு எழுதியது:

பிரித்துச் சொல்லுங்கள் தம்பி. நிலையான சம்பளம் இவ்வளவு, கடந்த வருடம் கையில் வந்த இன்சென்டிவ் இவ்வளவு என்று. பேஸ்லிப்பும் ஃபார்ம் 16-ம் கேட்பார்கள், அதில் உள்ளதுதான் நிற்கும். ஒரே பெட்டிதான் இருக்கிறது என்றால் மொத்தத்தைப் போட்டு, ஹெச்.ஆர். கூப்பிடும்போது பிரித்துச் சொல்லுங்கள்.

ஓடிஇ என்பது டார்கெட்டை முழுசாக அடித்தால் வருகிற மொத்தத் தொகை. அதில் நிலையானது எத்தனை பங்கு, 60:40-ஆ 50:50-ஆ, முதல் சில மாதம் டார்கெட் குறைத்துத் தருவார்களா, இப்போது டீமில் எத்தனை பேர் டார்கெட்டைத் தொடுகிறார்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் நிலையான சம்பளத்தை மட்டுமே உங்கள் சம்பளமாக எண்ணி முடிவு செய்யுங்கள். வேலைக்கு முன்பணம், டிரெயினிங் ஃபீஸ் என்று எவராவது கேட்டால் போனை வைத்துவிடுங்கள்.

அப்புறம், அந்த இரண்டாவது பிரதியையும் சும்மா விடாதீர்கள். ரெடிங்டன் மாதிரி பெரிய டிஸ்ட்ரிபியூட்டரே சென்னையில்தான் இருக்கிறது. அவர்களுக்குக் கீழே சரக்கு எடுத்து விற்கும் பார்ட்னர் கம்பெனிகள் திருச்சி, மதுரை, கோவை எல்லா ஊரிலும் உண்டு. லீஸ்டு லைன், ஃபயர்வால், ஸ்டேடிக் ஐபி என்று மேலேயே தெரியும்படி போட்டு அவர்களுக்கும் அனுப்புங்கள். பகல் ஷிப்ட், உங்கள் ஊரிலேயே. ஃபயர்வால் பற்றி ஒன்றும் தெரியாது என்றால் ஃபோர்டிநெட் தளத்தில் ஆரம்பநிலைப் பயிற்சி இலவசமாக இருக்கிறது, அதை முடித்துவிட்டு அந்த வார்த்தையைச் சேருங்கள்.